சுவர் வாசித்த ஓலை

எங்கள் ஊர் மாதா கோயிலுக்குள் போனால், பெண்கள் பக்கம், மூன்றாவது தூணை ஒட்டிச் சுவரில் ஒரு கதவு அகலத்துக்கு மஞ்சளாக இருக்கும். மற்ற சுவரெல்லாம் பால் வெள்ளை, முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம் என்கிற பளபளப்பு. அந்த ஒரு இடம் மட்டும் மஞ்சள். வெளியூர்க்காரர்கள் ஈரம் ஏறியிருக்கிறது என்று நினைப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் சுவரைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னைப் பார்ப்பார்கள், அப்புறம் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்? எனக்கே அந்தப் பக்கம் கண் போனால் இன்றைக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வாய் கொஞ்சம் நீளம், கோபம் அதைவிட நீளம். வடமதுரை ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கித் தோட்டங்களுக்கு நடுவே உள்ளே நடந்தால் எங்கள் ஊர் வரும். நான் பிறந்த ஊர் இல்லை, வாழ்க்கைப்பட்ட ஊர். கல்யாணமாகிச் சில வருஷத்திலேயே என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை கிடையாது. குஜிலியம்பாறையில் இருக்கும் என் அண்ணன் வந்துவிடு, வந்துவிடு என்று நச்சரித்தார். நான் அத்தை என்று கூப்பிடும் என் மாமியாரோ, இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும், வெஞ்சனத்துக்கு என்ன வைக்க என்று கேட்டார். கத்திரிக்காய் என்றேன். அம்புட்டுதான் பேச்சு. நான் தங்கிவிட்டேன்.

அத்தைக்கு நான் ஒருத்தி, அப்புறம் கொல்லை நிறையக் கோழிகள். வேறு யாரும் கிடையாது. என்னோடு கோபம் என்றால் நேரில் சொல்ல மாட்டார். கொல்லைக்குப் போய்த் தவிட்டைப் பிசைந்துகொண்டே கோழிகளிடம் சொல்வார். சிலருக்குப் படித்த திமிரு, சாப்பிட்ட தட்டைக் கழுவ மாட்டாங்க, என்பார். கோழிகள் கொக்கொக் என்று ஆமோதிக்கும். நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டு தட்டைக் கழுவுவேன். எங்கள் வீட்டில் கடிதப் போக்குவரத்து இப்படித்தான்.

இப்போது கோயிலுக்கு வருவோம். அது பழைய சுண்ணாம்புக் கட்டடம். யாரோ ஒரு புண்ணியவான் என்றைக்கோ அதன் மேல் சிமெண்டைப் பூசிவைத்துவிட்டார். உள்ளே மாட்டிய ஈரம் வெளியே வர வழியில்லாமல், பூசை நடக்கும்போது பொக்குப் பொக்காகப் பெயர்ந்து தலையில் விழும். ஒரு தடவை சாமி பிரசங்கம் வைத்துக்கொண்டிருக்கும்போது அவர் தோளிலேயே விழுந்தது. சாமி என்றால் எங்கள் பங்குச் சாமியார். இள வயசு, புதுசாக வந்தவர், எதற்கும் சிரிக்கிற மனுஷன். இடித்துவிட்டு டைல்ஸ் போட்டுக் கட்டலாம் என்று ஒரு கூட்டம் சொன்னது. அவர் மாட்டேன் என்றார். சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுப் பழையபடி சுண்ணாம்பே பூசுவோம், கொத்தனார் ஒருவர் போதும், மற்ற வேலையெல்லாம் நாமே செய்வோம், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வீட்டுக்கு ஒரு ஆள் நிற்கணும் என்று அறிவித்தார்.

எங்கள் வீட்டு ஆள் நான்தான். ஆகா, சிமெண்டைக் கொத்துவதில் இருக்கிற சுகம்! உளியை வைத்து ஒரு போடு போட்டால் தலைமையாசிரியர் மேல் இருந்த கோபமெல்லாம் இறங்கியது. தூசியில் எல்லோரும் மாவில் புரட்டின மாதிரி ஆகிவிட்டோம். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறின தண்ணீரைச் சுண்ணாம்பில் கலந்து அரைத்தோம். கருப்பட்டி வாசத்துக்கு ஊர் எறும்பெல்லாம் பூசைக்கு வந்துவிட்டது. பக்தியோ எறும்போ, அந்த வருஷம் யாரும் செத்த நேரம்கூட முழங்காலில் இருக்க முடியவில்லை.

சித்தையன்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த கொத்தனார், கடைசிப் பூச்சுக்கு முட்டை வேண்டும் என்றார். வெள்ளைக்கரு மட்டும். அதைச் சுண்ணாம்பில் அடித்துச் சேர்த்துப் பூசித் தேய்த்தால்தான் அந்தப் பளபளப்பு வரும், மஞ்சள்கரு ஒரு சொட்டு விழக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். சாமிக்கு ஒரே சந்தோஷம். தவக்காலத்தில் எங்கள் ஊரில் கறி, மீன், முட்டை எதுவும் அடுப்பேறாது. ஆனால் கோழிக்குத் தவக்காலம் என்ன தெரியும்? அது பாட்டுக்கு முட்டை விட்டுக்கொண்டேயிருக்கும். வீட்டில் சேர்கிற முட்டையெல்லாம் கோயிலுக்கு வரட்டும் என்றார். எனக்கு இரண்டு முட்டை கொடுக்கவே மூஞ்சியைப் பார்க்கிற என் அத்தை, மறுவாரமே கூடை நிறையக் கொண்டுபோய்ப் பீடத்தடியில் வைத்துவிட்டு, மூன்றாவது தூணை ஒட்டியிருக்கும் தன் வழக்கமான இடத்தில் ராணி மாதிரி உட்கார்ந்தார்.

முட்டையை உடைத்துப் பிரிக்கிற வேலைக்கு யாரும் வரவில்லை. விரதத்தில் இருக்கும்போது அந்தக் கவிச்சி வாடை சிலருக்குக் குமட்டியது, சிலருக்கு நாக்கில் எச்சில் ஊறியது. நான் அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் தூக்குவது யார் என்று நாலு பெண்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். சாமி என்னைத் தனியாகப் பிரித்து முட்டைக்குப் போட்டுவிட்டார். கூட ஒரு ஆள் வேண்டுமே? வடமதுரையில் மிக்சி ரிப்பேர் கடை வைத்திருக்கிற ஒருத்தரைப் போட்டார். அவருடைய அக்காவை எங்கள் ஊரில் கட்டிக்கொடுத்திருந்தது, அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு இங்கே வருவார். மனைவி இறந்து பல வருஷம். ஒரே மகள், கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருந்தாள். எங்கள் வீட்டு மிக்சியை அவர்தான் ஒரு தடவை சரி பண்ணிக் கொடுத்தார் என்பதைத் தவிர எனக்கு அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

மனுஷன் முதல் நாளே ட்ரில் மிஷினில் மோர் கடைகிற கம்பி மத்தை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். கையால் அடித்தால் என்றைக்கு நுரை வரும், டீச்சர், செத்த தள்ளி நில்லுங்க என்றார். நான் தள்ளி நின்றேன். சாமி எட்டிப் பார்க்க வந்தார். மிக்சிக்காரர் சுவிட்சைப் போட்டார் பாருங்கள், பானையில் இருந்த வெள்ளைக்கரு அம்புட்டும் மேலே எழும்பி சாமியின் அங்கி, என் மூக்குக் கண்ணாடி, தவக்காலத்துக்காக ஊதாத் துணி போட்டு மூடியிருந்த சூசையப்பர் என்று ஒருத்தர் பாக்கியில்லாமல் அபிஷேகம் ஆகிவிட்டது. சாமி வழித்துப் போட்டுவிட்டு, வேகத்தைக் குறைக்க முடியுமா என்று மட்டும் கேட்டார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கோயிலுக்குள் அப்படிச் சிரித்தது அதற்கு முன்னால் எப்போது என்று எனக்கு ஞாபகமில்லை.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்றாலே ஒரு துள்ளல். வியாழக்கிழமையே எந்தச் சேலை என்று யோசிக்க ஆரம்பித்தேன். முட்டை உடைக்கப் போகிறவளுக்குச் சேலையில் என்ன யோசனை வேண்டியிருக்கிறது? மிக்சிக்காரர் அதிகம் பேசுகிறவர் இல்லை, ஆனால் பேசினால் நான் சிரித்துவிடுவேன். மிக்சியைப் பிரித்துப் பார்த்தாலே அந்த வீட்டில் யார் கோபக்காரர்கள் என்று தெரிந்துவிடும் என்றார், ஜாரைப் போட்டு மூடுகிற அழுத்தத்திலேயே தெரியுமாம். எங்கள் வீட்டு மிக்சியில் என்ன தெரிந்தது என்று கேட்டேன். ரெண்டு பேரு, என்றார். அன்றைக்கு முழுக்க அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரம்மா நகர்ந்து உட்கார்ந்தார்.

மிஞ்சுகிற மஞ்சள்கருவை என்ன செய்வது? விரதக்காரர்கள் ஊரில் அதுவும் ஒரு பிரச்சினை. கோயிலுக்குப் பின்னால் சம்பங்கித் தோட்டம் வைத்திருக்கிற விவசாயி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, டீச்சரம்மா, எங்களுக்கு ஏது தவக்காலம், இங்கிட்டுக் கொடுங்க என்று கேட்டார். எலுமிச்சம்பழச் சாற்றில் போட்டு வெல்லம் சேர்த்து ஊறவைத்துப் பூச்செடிக்குத் தெளிப்பாராம். வாராவாரம் வாளியில் வாங்கிக்கொண்டு போனார்.

இப்படியே போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு குருத்து ஞாயிறு, அதற்கும் இரண்டு வாரம் முந்தின ஞாயிறு அது. கொத்தனார் மூன்றாவது தூண் பக்கம் பூசிக்கொண்டிருந்தார். நாங்கள் பின்வாசலில் ஆளுக்கொரு முட்டையாக உடைத்துக்கொண்டிருந்தோம். அவர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

"ஈஸ்டரோட இந்த வேல முடிஞ்சிரும் டீச்சர். அப்புறம் என்ன சாக்குச் சொல்லி உங்களப் பாக்க வர்றதுன்னு தெரியல. அதான் இப்பயே கேட்டுர்றேன். நம்ம கல்யாணம் பண்ணிக்குவோமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேலிச் சிரிப்பு இல்லை. உள்ளங்காலில் கிளம்பி உச்சந்தலை வரைக்கும் வந்த சிரிப்பு. நாற்பதைத் தாண்டியவள், முடியில் டை அடிக்கிறவள், கையெல்லாம் முட்டை, எனக்குக் கல்யாணமாம்! அவரும் சிரித்தார். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தோம், கை பாட்டுக்கு உடைத்துக்கொண்டேயிருந்தது. பானைக்குள் என்ன விழுகிறது என்று எவர் பார்த்தார்? கொத்தனார் கூப்பிட்டார், இவர் மிஷினைப் போட்டு அடித்துத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

வாளியைக் கழுவும்போதுதான் எனக்கு அத்தை ஞாபகம் வந்தது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. நான் போய்விட்டால் அந்த வீட்டில் வெஞ்சனம் என்ன என்று யார் யாரைக் கேட்பது? என் மகன் போனதுமில்லாமல் நீயும் போகிறாயா என்று கேட்டுவிட்டால் நான் என்ன சொல்வேன்? எனக்குச் சம்மதம், ஆனால் அத்தையிடம் சொல்ல வேண்டும், நானே சொல்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். சொல்கிறேன் என்று சொல்லி ஒரு வாரம் ஓடியது. வாயாடி என்று ஊரே சொல்கிற எனக்கு வாய் ஒட்டிக்கொண்டது.

நான் சொல்வதற்கு முன்னால் சுவர் சொல்லிவிட்டது. ஈரத்தில் கடுக்காய் நிறம் என்று கொத்தனார் நினைத்தாராம். அடுத்த ஞாயிறு பூசைக்கு வந்தால், காய்ந்த சுவரில் மற்ற இடமெல்லாம் வெள்ளை, மூன்றாவது தூண் பக்கம் மட்டும் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி நிற்கிறது. கொத்தனார் பூசை முடிகிற வரைக்கும் பொறுத்தார், அப்புறம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, அந்தப் பானைக்கு முட்டை உடைத்தது யார் என்றார். கோயிலே திரும்பி என்னைப் பார்த்தது. அப்புறம் ஆண்கள் பக்கம் திரும்பி அவரைப் பார்த்தது. வெள்ளையும் மஞ்சளும் தெரியாத அளவுக்கு இரண்டு பேரும் எதைப் பார்த்துக்கொண்டு உடைத்தார்கள் என்று விளங்க யாருக்கும் பெரிய படிப்பு தேவைப்படவில்லை. பாட்டுக் குழுப் பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். சாமி பூசைப் புத்தகத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். மத்தியானத்துக்குள் பங்கு வாட்ஸ்அப் குரூப்பில் சுவர்ப் படம் வந்துவிட்டது, அடியில் வரிசையாகக் கல்யாண மாலைப் படங்கள்.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அவர் சாய்ந்து உட்காருகிற சுவர் அது. விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தார், மோந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். பின்னாலேயே ஓடினேன். அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். உளறினேன் என்றுதான் சொல்லணும். அத்தை கேட்டுவிட்டு, உன் இஷ்டம் என்றார். தவிட்டுச் சட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். நான் ஜன்னலில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். கோழிகளிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அப்போதுதான் எனக்கு நிஜமாகப் பயம் வந்தது.

குருத்து ஞாயிறன்று கொத்தனார் அந்த மஞ்சளைச் சுரண்டிவிட்டு மறுபடி பூசலாம் என்றார். ஊரில் முட்டையெல்லாம் தீர்ந்துவிட்டது, கொத்தனாருக்குக் கடை முட்டை ஆகாது, எங்கள் வீட்டுக் கோழிகளை விட்டால் வழியில்லை. கோயிலுக்குள் சாமியே தூணடிக்கு வந்து அத்தையிடம் கேட்டார். கோழிகள் இப்போது முட்டை விடுவதில்லை என்று அத்தை சாமியின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அன்றைக்குக் காலையில் சூட்டோடு சூடாக எடுத்து அடுக்கியவள் நான். மாதா முன்னால் பொய் சொல்கிற அளவுக்கு என் மேல் கோபமா என்று இடிந்துபோனேன். மஞ்சள் அப்படியே நின்றது.

மிக்சிக்காரருடைய அக்கா முறை தெரிந்தவர். பழத்தட்டு வாங்கிக்கொண்டு பஸ் பிடித்துக் குஜிலியம்பாறைக்குப் போய், என் அண்ணனிடம் முறைப்படிப் பெண் கேட்டுவிட்டு வந்தார். பெண் கேட்பது என்றால் பிறந்த வீட்டில்தானே கேட்பார்கள்? அவர் அப்படி நினைத்தார், அண்ணன் அப்படி நினைத்தார், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஈஸ்டர் வந்தது. சம்பங்கித் தோட்டத்துக்காரர் வண்டி நிறையப் பூவைக் கொண்டுவந்து இறக்கினார், எல்லாம் உங்க மஞ்சக்கரு பண்ற வேல டீச்சரம்மா என்றார். புதுச் சுவரும் மெழுகுவர்த்தியும் பூவுமாகக் கோயில் ஜொலித்தது. எனக்குப் பாதிச் சந்தோஷம், பாதிக் கலக்கம். வீட்டில் அத்தையின் நடவடிக்கை ஒன்றும் பிடிபடவில்லை. சாயங்காலம் ஆனால் வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்து, பெட்டியில் இருந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிடுவார். முட்டையைப் பானையில் சேர்த்து மூடிவைத்தார். விரதம் முடிந்தும் எனக்கு ஒன்று பொரித்துத் தரவில்லை. சரி, நம்மை விட்டுவிட்டுச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகத் தயாராகிறார் என்று நான் முடிவு பண்ணிவிட்டேன். எங்கே போகிறீர்கள் என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை சாமி படிப்பார். சும்மா ஒரு சம்பிரதாயம், யாரும் ஒன்றும் சொன்னதில்லை. எங்களுடைய முதல் ஓலை வாசித்தார், பாட்டுக் குழு கிளுகிளு என்றது. இரண்டாம் ஓலையும் வாசித்தார். அத்தை மஞ்சள் சுவரில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் ஓலையை, குஜிலியம்பாறைக் குடும்பத்தின் மகள் என்று என் அப்பா பேரோடு சாமி வாசித்து முடித்து, தடை ஏதாவது தெரிந்தால் என்று ஆரம்பித்தபோது அத்தை எழுந்து நின்றார்.

"தடை இருக்கு சாமி."

எறும்பு ஊர்கிற சத்தம்கூடக் கேட்டிருக்கும். சாமி முதல் தடவையாகச் சிரிக்காமல், என்ன தடை என்று கேட்டார்.

"பொண்ணு குஜிலியம்பாறையில இல்ல சாமி. எங்க வீட்டுல இருக்கா. குஜிலியம்பாறைக்குப் போயிக் கேட்டாகளாம். எங்கிட்ட யாரும் வந்து கேக்கல. இவுக வருவாக வருவாகன்னு தெனமும் நல்ல சேலையக் கட்டிக்கிட்டு, வந்தவுகளுக்குப் பொரிச்சுப் போட முட்டையச் சேத்து வச்சுக்கிட்டு வாசல்ல உக்காந்திருக்கேன். எம் பொண்ண எங்கிட்டக் கேக்காம எப்பிடிக் கட்டுவாரு?"

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தால் மூக்கில் என்னவெல்லாம் நடக்கும் என்று எழுதினால் நன்றாக இருக்காது. ஆண்கள் பக்கம் அவர் எழுந்து கும்பிட்டுக்கொண்டு, தப்புதாங்கம்மா, இன்னைக்குச் சாயங்காலமே வாரேன் என்றார். சாயங்காலம் எதற்கு, பூசை முடிந்ததும் வரட்டும் என்று அத்தை உட்கார்ந்துவிட்டார். சாமி புத்தகத்தை மறுபடி முகத்துக்கு நேராகத் தூக்கினார், தோள் மட்டும் குலுங்கியது.

பூசை முடிந்து அவர் மட்டுமா வந்தார், ஊரே வந்தது. அவர் அக்கா பழத்தட்டு நீட்டினார், பெண் கேட்டார்கள். அத்தை தட்டை வாங்கவில்லை. ஒரு முட்டையையும் இரண்டு கிண்ணத்தையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்து, உடைத்துப் பிரித்துக் காட்டச் சொன்னார். ஊர் மிக்சியெல்லாம் கழற்றி மாட்டுகிற கைக்கு ஒரு முட்டை அடங்கவில்லை. மஞ்சள் உடைந்து வெள்ளையில் கலந்துவிட்டது. வாசல் முழுக்கச் சிரிப்பு. அத்தை கிண்ணத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், இதற்குத்தான் அந்தச் சுவரைச் சுரண்ட விடவில்லை, இரண்டும் கலந்தாலும் பார்க்க அழகாகத்தானே இருக்கிறது என்று சொல்லித் தட்டை வாங்கிக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பொண்ணு இந்த வீட்டில்தான் இருப்பாள், மாப்பிள்ளை வேண்டுமானால் வந்து இருக்கலாம், வடமதுரைக்கு இங்கிருந்து பஸ் இருக்கிறது. அவர் அங்கேயே தலையாட்டினார்.

எல்லோருக்கும் காபி போட அடுப்படிக்குப் போனேன். கொல்லைப் பக்கம் அத்தையின் குரல் கேட்டது. எத்தனையோ நாள் கழித்து மறுபடி அந்தக் குரல். பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு ஜன்னலில் காதை வைத்தேன். தவிட்டைப் பிசைந்துகொண்டே கோழிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எம் பொண்ணுக்குக் கல்யாணம். ஊருக்கே சோறு போடணும். ஒழுங்கா முட்டை விடுங்க."